ஹோலோகாஸ்ட் கேள்விக்கு விடை எழுத: எதைப் படிப்பது, எங்கே சறுக்குகிறோம்

யுபிஎஸ்சி மெயின்ஸ் ஜி.எஸ். முதல் தாளின் உலக வரலாறு, வரலாறு விருப்பப் பாடத்தின் இரண்டாம் தாள், எம்.ஏ. வரலாற்றில் ஐரோப்பா என எதற்குத் தயாராகிறவரும் ஹோலோகாஸ்ட் எனப்படும், யூதர்கள் மீதான நாஜி இனப்படுகொலையைத் தாண்டிப் போக முடியாது. பலரும் எழுதும் விடை ஒரே மாதிரி இருக்கும்: முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கை, ஹிட்லரின் யூத வெறுப்பு, ஆஷ்விட்ஸ் முகாம், கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்கள். நான்கும் சரியான தகவல்கள்தான். ஆனால் வெறுப்பு எந்தப் படிகளைக் கடந்து கொலையானது என்று அந்த விடை சொல்வதே இல்லை. கேள்வி கேட்பதோ அதைத்தான்.

ஒரு ஏ4 தாளில் மூன்று கோடு போட்டு நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1933 முதல் 1939 ஆகஸ்ட் வரை ஒன்று. 1939 செப்டம்பர் முதல் 1941 ஜூன் வரை இரண்டாவது. 1941 ஜூன் 22 முதல் அந்த ஆண்டு முடியும்வரை மூன்றாவது. 1942 முதல் 1945 வரை நான்காவது. மூன்றாவது கட்டம் ஆறே மாதம்தான், ஆனால் அதற்குத்தான் அதிக இடம் விடவேண்டும்.

பின்னணிக்கு நிறைய நேரம் செலவிட வேண்டாம். தேர்தல் எண்கள் மனதில் இருந்தால் போதும். நாஜிக் கட்சி 1928இல் 2.6 சதவீதம், 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3, அதே ஆண்டு நவம்பரில் 33.1. நடுவே நடந்தது 1929 பொருளாதாரச் சரிவும், 1932இல் சுமார் 60 லட்சத்தைத் தொட்ட வேலையின்மையும். வெர்சாயை மட்டும் காரணமாகக் காட்டினால், 1928இல் ஏன் வெறும் 2.6 என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. இன்னொன்று: "பெரும்பான்மை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்" என்று எழுதாதீர்கள். சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அந்தக் கட்சி பாதி வாக்கைப் பெற்றதில்லை. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைச் சான்ஸலராக நியமித்தவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட பழைமைவாதிகள் பின்னால் இருந்தார்கள்.

முதல் கட்டத்தில் கவனம் சட்டங்களில் இருக்கட்டும். ரைஷ்டாக் (நாடாளுமன்றக் கட்டடம்) தீவிபத்துக்கு மறுநாள், 1933 பிப்ரவரி 28 அன்று அடிப்படை உரிமைகள் நிறுத்தப்பட்டன. மார்ச் 23 அன்று அதிகாரமளிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தைச் செயலற்றதாக்கியது. ஏப்ரல் 7 அன்று யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. 1935 செப்டம்பர் 15இன் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன, யூதர் அல்லாதவரோடு திருமணத்தைத் தடைசெய்தன. யார் யூதர் என்று வரையறுத்த விதி நவம்பரில் வந்தது: தாத்தா பாட்டி நால்வரில் மூவரோ நால்வருமோ யூதராக இருந்தால் அவர் யூதர். அந்தத் தாத்தா பாட்டி யூதரா என்பதை எதை வைத்து முடிவுசெய்தார்கள்? அவர்கள் எந்த மதச் சபையைச் சேர்ந்தவர்கள் என்ற பதிவை வைத்துத்தான். ரத்தம், இனம் என்று அறிவியல் பேசிய ஆட்சிக்குக் கடைசியில் மதப் பதிவேடுதான் கிடைத்தது. நாஜி இனக் கோட்பாடு போலி அறிவியல் என்று வெறுமனே சொல்வதைவிட இந்த ஒரு விவரம் வலுவானது.

யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் தாக்கப்பட்ட, 1938 நவம்பர் 9-10 இரவின் 'உடைந்த கண்ணாடி இரவு' எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்ததைச் சேருங்கள்: சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தாக்கப்பட்ட சமூகத்தின் மீதே 100 கோடி ரைஷ்மார்க் அபராதம் விழுந்தது. காப்பீட்டுத் தொகையையும் அரசே எடுத்துக்கொண்டது. இந்தக் கட்டத்தில் ஆட்சியின் குறி யூதர்களை நாட்டைவிட்டு விரட்டுவதாகவே இருந்தது. ஆனால் 1938 ஜூலையில் அகதிகளை ஏற்பது பற்றிப் பேச எவியான் மாநாட்டில் கூடிய 32 நாடுகளில் பெரும்பாலானவை கதவைத் திறக்கவில்லை.

இரண்டாம் கட்டத்தில் போலந்து வருகிறது. 1933இல் ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. போருக்கு முன் போலந்தில் மட்டும் சுமார் 33 லட்சம் பேர். போர் தொடங்கியதும் விரட்டும் திட்டம் ஏன் குலைந்தது என்பதை இந்த இரண்டு எண்களே விளக்கும். ஆட்சிக்குள் சிக்கியவர்கள் பல மடங்கு பெருகினார்கள், வெளியே போகும் வழிகள் அடைபட்டன. மடகாஸ்கருக்கு நாடுகடத்தும் 1940ஆம் ஆண்டுத் திட்டம், பிரிட்டன் பணியாததால் கடல்வழி கிடைக்காமல் கைவிடப்பட்டது. வார்சா கெட்டோவில் (யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி) மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டு, பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் செத்தார்கள்.

இதே கட்டத்தில் பலரும் விட்டுவிடுவது டி4 திட்டம். மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொல்ல அனுமதித்து ஹிட்லர் 1939 அக்டோபரில் கையெழுத்திட்டார். ஆனால் கடிதத்தில் போர் தொடங்கிய செப்டம்பர் 1 என்று முன்தேதியிடப்பட்டது. 1941 ஆகஸ்டுக்குள் ஆறு நிலையங்களில் சுமார் 70,000 பேர் வாயுவால் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்க பிஷப் காலனின் கண்டனப் பிரசங்கத்துக்குப் பின் திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சொல்லப்பட்டாலும், ஊசியாலும் பட்டினியாலும் கொலை தொடர்ந்தது. இதில் பழகிய கிறிஸ்டியன் விர்த், ஃபிரான்ஸ் ஷ்டாங்கல் போன்றவர்களே பின்னர் பெல்சக், சோபிபோர், ட்ரெப்ளிங்கா கொலைமுகாம்களை நடத்தினார்கள். வாயு அறை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இனி 1941. சோவியத் படையெடுப்போடு ஐன்ஸாட்ஸ்குரூப்பன் என்ற நான்கு கொலைப்படைகள், மொத்தம் சுமார் 3,000 பேர், ராணுவத்தின் பின்னாலேயே போனார்கள். அவர்களில் ஒரு பிரிவின் தலைவனான கார்ல் யேகர் 1941 டிசம்பர் 1 தேதியிட்டு லித்துவேனியாவிலிருந்து ஓர் அறிக்கை அனுப்பினான். நாள், ஊர், கொல்லப்பட்டோர் எண்ணிக்கை என்று கணக்குப் பேரேடு மாதிரி வரிவரியாக ஓடும், கூட்டுத்தொகை 1,37,346. ஜூலை மாத வரிகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள், பெண்கள் சிலர். ஆகஸ்ட் நடுவில், ரோகிஷ்கிஸ் என்ற ஊருக்கான வரியில் 'யூதக் குழந்தைகள்' என்ற சொல் சேர்கிறது. அதற்குப் பிறகு ஆண், பெண், குழந்தை என மூன்று எண்களாகவே பல வரிகள் போகின்றன. எதிர்ப்பை ஒடுக்குகிறோம் என்ற சாக்கு உதிர்ந்து, ஒரு சமூகத்தை வேரோடு அழிப்பது தொடங்கிய நேரம் இது. செப்டம்பர் 29, 30 தேதிகளில் கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர் முடிவதற்குள் துப்பாக்கியால் கொல்லப்பட்ட யூதர்கள் குறைந்தது 15 லட்சம்.

இது தெரிந்துவிட்டால் அடுத்த பெரிய பிழை தானே விலகிவிடும். "1942 ஜனவரி 20, வான்சே மாநாட்டில் இனப்படுகொலை முடிவெடுக்கப்பட்டது" என்று எழுதுவது தவறு. நாஜிப் பாதுகாப்புத் தலைமையகத்தின் தலைவர் ஹைட்ரிக் கூட்டிய அந்தக் கூட்டத்துக்கு முன்பே, 1941 டிசம்பர் 8 முதல் போலந்தின் செல்ம்னோ கொலைமுகாமில், ஆட்களை அடைத்து வாயுவால் கொல்லும் வண்டிகள் ஓடின. மாநாட்டுக் குறிப்பில் உள்ள நாடுவாரிப் பட்டியலில் எஸ்டோனியாவுக்கு நேரே, அங்கே யூதர் யாருமில்லை என்றே எழுதப்பட்டிருக்கிறது. வான்சே செய்தது, நடந்துகொண்டிருந்த கொலையில் அமைச்சகங்களின் பங்கை உறுதிப்படுத்தியது, ஐரோப்பா முழுக்க 1.1 கோடி யூதர்களைக் கணக்கில் சேர்த்தது.

நான்காம் கட்டத்தில் முகாம்களை ஒன்றாகக் குழப்பாதீர்கள். 1933 மார்ச்சில் திறந்த டாஹௌ வதைமுகாம்: அரசியல் எதிரிகளை அடைத்து ஒடுக்க வந்தது. ட்ரெப்ளிங்கா கொலைமுகாம்: ரயிலில் வந்தவர்களில் பெரும்பாலானோர் சில மணி நேரத்தில் கொல்லப்பட்டார்கள். ட்ரெப்ளிங்கா, பெல்சக், சோபிபோர் மூன்றிலும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆஷ்விட்ஸ் இரண்டு வகையும் சேர்ந்த இடம், இறந்தவர்கள் சுமார் 11 லட்சம், அவர்களில் சுமார் 10 லட்சம் யூதர்கள். 1944 மே முதல் ஜூலைக்குள் ஹங்கேரியிலிருந்து சுமார் 4.4 லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டார்கள், பெரும்பாலும் இங்கேதான். 1943 ஏப்ரல் 19 அன்று தொடங்கிய வார்சா கெட்டோ எழுச்சி, அதே ஆண்டு ட்ரெப்ளிங்கா, சோபிபோர் கிளர்ச்சிகள், டென்மார்க்கிலிருந்து 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் ஸ்வீடனுக்குத் தப்பிய அக்டோபர், இவற்றில் ஒன்றாவது விடையில் இருக்கவேண்டும். கொல்லப்பட்டவர்கள் கைகட்டி நின்றார்கள் என்ற எண்ணம் உண்மைக்கும் அவர்களுக்கும் செய்யும் அநீதி. நாஜிகள் கொன்ற ரோமா (ஜிப்சி) சிறுபான்மையினரையும், பட்டினி போட்டும் சுட்டும் கொல்லப்பட்ட 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் போர்க்கைதிகளையும் சேர்க்க மறக்காதீர்கள்.

"பாசிசம் என்றாலே இனப்படுகொலையா?" என்ற பாணியில் கேள்வி வந்தால் இத்தாலி கைகொடுக்கும். முசோலினி 1922இல் ஆட்சிக்கு வந்தார், யூத எதிர்ப்புச் சட்டங்கள் 1938இல்தான் வந்தன, கொலைமுகாம்களுக்கு நாடுகடத்தல் 1943 செப்டம்பரில் ஜெர்மனி ஆக்கிரமித்த பின்பே தொடங்கியது. அதற்காக இத்தாலியப் பாசிசத்துக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். 1938 சட்டங்களுக்காகத் திரட்டிய யூதர் பட்டியல்கள் 1943இல் ஆள்பிடிக்க உதவின.

விருப்பப் பாடக்காரர்களுக்கு வரலாற்றாசிரியர் விவாதம் தேவை. ஹிட்லர் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டார் என்பது ஒரு தரப்பு. போட்டிபோட்ட அதிகார அமைப்புகளும் போர்ச் சூழலும் படிப்படியாகத் தீவிரமாக்கின என்பது மறுதரப்பு. இரண்டையும் விவரித்துவிட்டு "இரண்டும் உண்மை" என்று நழுவினால் மதிப்பெண் வராது. யேகர் அறிக்கையில் தெரியும் ஜூலை-ஆகஸ்ட் மாற்றத்தைக் காட்டி, படிப்படியாகத் தீவிரமானது என்ற வாதத்துக்கு அது எவ்வளவு பலம் தருகிறது, ஹிட்லரின் பொறுப்பை அது ஏன் குறைக்காது என்று எழுதுங்கள்.

ஜி.எஸ். தாளில் 20 கேள்வி, மூன்று மணி நேரம். 10 மதிப்பெண்ணுக்கு 7 நிமிடம், 15க்கு 11 நிமிடம் என்றால் கணக்குச் சரியாக வரும். 15 மதிப்பெண் விடையின் 250 சொற்களில் பின்னணிக்கு 40, சட்டக் கட்டத்துக்கு 50, போலந்துக்கும் டி4க்கும் 40, 1941க்கு 60, முகாம்களுக்கு 40, கடைசி 20 பின்விளைவுக்கு. பெரும்பாலானோர் பின்னணியிலேயே 120 சொல்லைக் கொட்டிவிட்டு 1941ஐ ஒரு வரியில் முடிக்கிறார்கள், அந்த வரியும் வான்சேயாக இருக்கும். பயிற்சியின்போது 1941 பத்தியை முதலில் எழுதிவிட்டு முன்னும் பின்னும் நிரப்பிப் பாருங்கள், அளவு பிடிபடும்.

பின்விளைவில் தவறாமல் வரவேண்டியது சட்டம். 'ஜெனோசைடு' (இனப்படுகொலை) என்ற சொல்லை 1944இல் உருவாக்கியவர் போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின். நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகையில் அந்தச் சொல் இடம்பெற்றது, 1946 தீர்ப்பில் இல்லை. தண்டனைகள் போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் போன்ற தலைப்புகளில்தான். தனிக் குற்றமாக அதை நிறுவியது 1948 டிசம்பர் 9இன் ஐ.நா. உடன்படிக்கை. இந்தியா 1959இல் அதை ஏற்புறுதி செய்தது. தேசிய, இன, மரபின, மதக் குழுக்களை மட்டுமே அது பாதுகாக்கிறது, அரசியல் குழுக்கள் அதில் இல்லை. அந்த வரையறையின்படி பார்த்தால் டாஹௌவில் 1933இல் அடைக்கப்பட்ட கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் இனப்படுகொலைக்கு ஆளானவர்களாக மாட்டார்கள். உடன்படிக்கையின் போதாமையைக் கேட்கும் கேள்விக்கு இதையே எடுத்துக்காட்டாகக் கொடுக்கலாம்.