மெக்சிகோ உயரத்தில் ஒரு மைதானம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியும் அதே 2,240 மீட்டர்தான். 1968 ஒலிம்பிக்கும், 1970, 1986 கால்பந்து உலகக் கோப்பைகளின் இறுதி ஆட்டங்களும் நடந்த ஊர் அது. நம் ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மலர்க் கண்காட்சி, படகு இல்லம், சாக்லேட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த ஒற்றுமையை யாரும் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. எனக்கோ ஊட்டியைப் பற்றி ஒரே ஒரு தகவல் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வார இறுதியில் மைதானத்து மேட்டில் உட்கார்ந்து கால்பந்து ஆட்டம் பார்க்கிற யாருக்கும் இதன் அர்த்தம் கண்ணெதிரே தெரியும். கீழே சமவெளியிலிருந்து வந்த அணி முதல் பதினைந்து நிமிடம் புயல் மாதிரி ஆடும். இருபதாவது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கும்.

மெக்சிகோவில் நடந்ததும் இதுதான். 1968 ஒலிம்பிக் நீளம் தாண்டலில் அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதற்கு முந்தைய உலக சாதனை 8.35. ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர் கூடுதல். காற்றின் எதிர்ப்பு குறைவு என்பதால் குறுகிய நேர வேகப் போட்டிகளுக்கு அந்த உயரம் தோதானது. ஆனால் 10,000 மீட்டரில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமு எடுத்துக்கொண்டது 29 நிமிடம் 27 விநாடி. அன்றைக்கு உலக சாதனை 27:39. அதை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக ஓடி முடித்துச் சுருண்டு விழுந்தார். மலையில் பிறந்து ஓடியவர்கள் ஜெயித்தார்கள், கடற்கரை ஊர்க்காரர்கள் திணறினார்கள்.

ஊட்டிக்குக் கால்பந்து ஆட வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலில் பந்து. கீழிருந்து வரும் அணிகள் ஏமாறும் இடம் இதுதான். மேட்டுப்பாளையத்தில் 9 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றடித்த பந்தைப் பையில் போட்டு மேலே கொண்டுவந்தால், பஸ்ஸை விட்டு இறங்கும்போது அழுத்தம் அளக்கும் கேஜ் ஏறத்தாழ 12 காட்டும். வரும் வழியில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்கிறதே, அதே கதைதான். உள்ளே இருக்கும் காற்று அப்படியே இருக்கிறது, வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது. கேஜ் காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். மைதானத்துக் குளிரில் அரை மணி நேரம் கிடந்தால் உள்காற்று சுருங்கி 10, 10.5-க்கு வரும். விதிப்படி 8.5 முதல் 15.6 வரை செல்லும் என்பதால் நடுவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் 'அண்ணா, பந்து கல்லு மாதிரி இருக்கு' என்ற புகார் முதல் ஹெட்டரிலேயே வந்துவிடும்.

அதனால் காற்றை மேலே வந்து, மைதானத்திலேயே, பந்து குளிர்ந்த பிறகு சரிபார்க்க வேண்டும். காய்ந்த மைதானத்துக்கு 9 போதும், ஈர மைதானத்துக்கு 10 வைக்கலாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிசம்பர் காலையில் கதகதப்பான அறைக்குள் உட்கார்ந்து 9 அடித்துக்கொண்டு வெளியே வந்தால், ஐந்து டிகிரிக் குளிரில் அது எட்டுக்கும் கீழே இறங்கிவிடும், பந்து எழும்பாது. ஊட்டி அணி கோவைக்கு ஆடப் போனாலும் இதே தலைவலிதான். இங்கே அடித்த 9, கீழே வெயிலில்கூட ஏழரையைத்தான் தொடும். ஊசியும் பம்பும் கேஜும் பந்தோடு பயணிக்க வேண்டியவை. ஊசியை எச்சில் தொட்டுச் செருகுவதை விட்டு ஒரு சொட்டு கிளிசரினோ சிலிக்கான் எண்ணெயோ தொட்டுச் செருகினால் வால்வு கிழியாது.

அடுத்து பந்து பறக்கும் விதம். கோவையின் சூட்டுக் காற்றோடு ஒப்பிட்டாலும் ஊட்டிக் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைகிறது, பந்து தூரம் போகிறது. கீழே பெனால்டி பாக்ஸுக்குள் விழும் கார்னர் இங்கே தூரக் கம்பத்தையும் தாண்டி வெளியே போகும். கோல்கீப்பரின் உதை நடுக்கோட்டில் விழாமல் எதிரணித் தடுப்பாட்டக்காரர் தலைக்கு மேலே போகும். வளைவோ குறைகிறது. சுழலும் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுவதும் அதே காற்றுதான் என்பதால், சுவரைச் சுற்றி வளைத்து அடிக்கப் பழகியவரின் ஃப்ரீகிக் நேராகவே போய்விடும். உள்ளூர்ப் பையன்கள் இருபத்தைந்து மீட்டரிலிருந்தும் கோலை நோக்கி அடிப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் அவசரக்குடுக்கைத்தனம் என்று நினைப்பதுண்டு. அது கணக்கோடு அடிப்பது. வெளியூர் கோல்கீப்பர் ஆட்டத்துக்கு முன் தூரத்து ஷாட்டுகளை மட்டும் பத்து நிமிடம் வாங்கிப் பார்ப்பது நல்லது. பந்து எதிர்பார்த்ததைவிடச் சற்று முன்னதாகவே கைக்கு வந்து சேரும்.

உடம்புக்கு வருவோம். காற்றில் ஆக்சிஜன் விகிதம் இங்கேயும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைவு. சமவெளியில் நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்கும் அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாடு தோராயமாகப் பத்து சதவீதம் குறையும். வேகமாக ஓட முடியாது என்பதில்லை. ஒரு ஸ்பிரின்ட் முடிந்து அடுத்ததற்குத் தயாராகும் நேரம்தான் நீளும். கால்பந்து முழுக்கவே இப்படி ஓடி நின்று ஓடுவதுதான் என்பதால் அடி அங்கே விழுகிறது.

முந்தின நாள் மாலை வந்து தங்குவதுதான் பல அணிகளும் செய்வது, பலன் குறைவானதும் அதுதான். முதல் இரவு தூக்கம் சரியாக வராது, சிலருக்கு லேசான தலைவலி, நாக்கு வறட்சி. ஒன்று, ஆட்டத்தன்று காலையில் ஏறி, ஆடிவிட்டு இறங்கிவிட வேண்டும். அல்லது ஒரு வாரம் முன்பே வர வேண்டும். முழுதாகப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அத்தனை நாள் யாருக்கும் கிடைக்காது. செலவைப் பார்த்தால் 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூரில் தங்கி, பயிற்சிக்கு மட்டும் மேலே வருவது ஒரு நடுவழி. காலையில் ஏறி வருகிற அணி, வளைவுகளில் தலைசுற்றி வாந்தி எடுக்கும் ஆட்டக்காரர்களையும் கணக்கில் வைக்க வேண்டும். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். காலியாகவும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

தண்ணீரை மறந்துவிடுவார்கள். குளிரில் வியர்வை தெரியாது, தாகமும் எடுக்காது. ஆனால் காய்ந்த காற்றை வேகமாக இழுத்து விடும்போது மூச்சோடு நீர் போய்க்கொண்டே இருக்கிறது. இடைவேளையில் ஐஸ் தண்ணீரைவிட வெதுவெதுப்பான தண்ணீர்தான் இங்கே இறங்கும். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை. கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து பார்த்துப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டிலும், அணிக்கு ஒரு இருபது லிட்டர் கேனும் போதும். வார்ம்-அப் கீழே பத்து நிமிடம் என்றால் இங்கே இருபது. ஸ்வெட்டரை விசில் அடிக்கும் வரை கழற்றக் கூடாது. மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்ததும் ஓடினால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். மூச்சிரைப்புத் தொந்தரவு உள்ளவர் இன்ஹேலரை அறையில் விட்டுவிட்டு வரக் கூடாது. குளிர்காற்றில் ஓடுவதே அதைக் கிளப்பிவிடும்.

மைதானம் மாதத்துக்கு மாதம் மாறும். அக்டோபர் கடைசியில் நீர்ப்பனி தொடங்கி, பிறகு உறைபனி. தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் புல் வெள்ளையாகக் கிடக்கும். அந்தப் புல்மேல் மிதித்தால் புல் ஒடிந்து, வெயில் வந்ததும் அங்கங்கே கருகிப் போகும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் வெயில் தரையில் விழுந்து பனி உருகும் முன் புல் மைதானத்தில் யாரையும் இறக்கக் கூடாது. நம் மலையில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல் தடித்த ரகம். வெட்டாமல் விட்டால் மெத்தை மாதிரி ஆகிவிடும், பந்து உருளாமல் நின்றுவிடும், அடியில் இருக்கும் குழியும் தெரியாது. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இதில்தான்.

ஆட்டத்துக்கு நல்ல காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. ஏப்ரல், மே மாதங்களில் காலை நன்றாக இருக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை, சில நாள் ஆலங்கட்டியும். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் கழித்துத்தான் தொடங்க வேண்டும். அதுவரை மைதான ஓரத்துக் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியில் ஒதுங்குவது மிகத் தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும். மூடுபனிக்கு நடைமுறை ஒன்று இருக்கிறது. நடுக்கோட்டில் நிற்கும் நடுவருக்கு இரண்டு பக்கக் கோல் கம்பமும் தெரிந்தால் ஆட்டம் நடக்கும். தெரியாவிட்டால் பதினைந்து நிமிடம் காத்திருந்து பார்ப்பது. இங்கே மூடுபனி நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் பல நேரம் காத்திருப்பது வீண் போகாது. வெள்ளைப் பந்தை மட்டும் நம்பி வரக் கூடாது, ஆரஞ்சோ மஞ்சளோ ஒன்று பையில் இருக்கட்டும். சேற்றில் ஆட, பூட்ஸின் அடியில் கழற்றி மாட்டும் நீளமான ஸ்டட் (குமிழ்) தேவை. அதே பூட்ஸோடு எச்.ஏ.டி.பி. (மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்ட) மைதானத்தின் சிந்தெடிக் ஓடுபாதையில் நடந்து போகாதீர்கள், பாதை கிழியும். நனைந்த பூட்ஸை ஹீட்டர் முன் வைத்தால் ஒட்டுப் பிரிந்துவிடும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாள் காய்ந்திருக்கும்.

உள்ளரங்கத்திலும் உயரம் விடாது. இறகுப்பந்து ஆடுகிறவர்கள் கீழே வாங்குவதைவிடக் குறைந்த வேக எண் போட்ட பந்தை இங்கே வாங்க வேண்டும். குளிர் பந்தைக் கொஞ்சம் மெதுவாக்கினாலும் மெல்லிய காற்றுதான் ஜெயிக்கும். சந்தேகம் இருந்தால், பின்கோட்டில் நின்று அடியிலிருந்து முழு வீச்சாக அடியுங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழுந்தால் சரியான பந்து. டென்னிஸில் 1,219 மீட்டருக்கு மேல் ஆட என்றே உயர்மலைப் பந்து விதியில் இருக்கிறது. சாதாரண பந்தை எடுத்து வந்து, சர்வீஸ் எல்லாம் கோட்டைத் தாண்டுகிறது என்று மட்டையைத் திட்டுகிறவர்களே அதிகம்.

போட்டி நடத்த நினைப்பவர்கள் தேதி குறிக்கும் முன் ஊரின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். சித்திரையில் மாரியம்மன் கோவில் தேர். தேர் மீது உப்பு வீசி வேண்டிக்கொள்ளும் கூட்டம் மார்க்கெட் பக்கத்துச் சாலைகளை நிறைத்திருக்கும், அன்றைக்கு ஆட்டம் வைத்தால் ஆட்டக்காரர்களே தேர் பக்கம்தான் இருப்பார்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி முதலில் படுகர்கள் வணங்கும் ஹெத்தையம்மன் திருவிழா. அந்த நாட்களில் படுகர் கிராம அணிகளில் பதினொரு பேரைச் சேர்ப்பது கஷ்டம். மே மாதம் முழுக்கக் கோடை விழா. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் மசாலா வாசனைப் பொருள், ஊட்டியில் ரோஜா, தாவரவியல் பூங்காவில் மலர், பிறகு குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம். நாய்க் கண்காட்சி அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நடக்கும். நாய் வளர்க்காதவர்களும் பார்க்க வேண்டிய ஒன்று. குதிரைப் பந்தயம் ஏப்ரல் 14-ல் தொடங்கும் என்பது பழைய வழக்கம். 2024-ல் அரசு அந்தப் பந்தய மைதான நிலத்தை எடுத்துக்கொண்டது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அத்தனை பெரிய சமதளம் இந்த மலையில் கிடைப்பது அரிது. அதில் ஒரு மூலையாவது பையன்கள் ஓட விட வேண்டும் என்பது என் கட்சி.

வெளியூர் அணிகள் வேனுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் இருப்பதால் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போகலாம். அரசுப் பேருந்துக்கு அது தேவையில்லை. பதினாறு பேர் பேருந்தில் வந்துவிடுவதே நிம்மதி. மே மாத ஒருவழிப் பாதையில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும், இறங்கும் நேரத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜெர்கின், குடை, உட்கார ஒரு கனத்த துணி. நான்கு மணிக்கு வெயில் மலைக்குப் பின்னே போனதும் குளிர் சட்டென்று இறங்கும், காதை மூடும் குல்லாய் அப்போதுதான் வேலைக்கு வரும். மதிய வெயிலை நம்பி முகத்தைத் திறந்து வைக்காதீர்கள், இந்த உயரத்தில் குளிர் தெரியும்போதே தோல் கறுத்துவிடும். டீயும் வர்க்கியும் (நம் ஊர் மொறுமொறு பிஸ்கட்) இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே வாங்கிவிடுங்கள். விசில் அடித்த பிறகு போனால் இரண்டாம் பாதி தொடங்கிய பிறகுதான் கிளாஸ் கைக்கு வரும்.

வந்த இடத்தில் மறுநாள் காலை ஓடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருட்டில் கரடி நடமாட்டம் உண்டு. பகலிலும் தேயிலைத் தோட்டத்து ஓரச் சாலையில் காட்டெருமை நின்றால், அது தலையைத் தூக்கிப் பார்க்கும் முன்பே ஓட்டத்தை நடையாக்கி, வந்த வழியே திரும்பிவிடுங்கள். காதில் இயர்போன் மாட்டியிருந்தால் இது எதுவும் உங்களுக்குத் தெரியாது.