அவையில் ஏன் எழுந்து பேசுகிறார்கள்? ஒப்பீட்டு அரசியல் தாளுக்கு நான் படித்த விதம்

முதுகலையில் முதல் உள்தேர்வு. "உறுப்பினர்கள் விவாதத்தில் ஏன் பேசுகிறார்கள், சொந்தக் கட்சியையே ஏன் எதிர்க்கிறார்கள்?" என்று கேள்வி. மனசாட்சி, மக்களாட்சி, கருத்துச் சுதந்திரம் என்று மூன்று பக்கம் நிரப்பிவிட்டு வந்தேன். இருபதுக்கு ஏழு. விடைத்தாள் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "ஓட்டு முடிவு முன்பே தெரியுமே, அப்புறம் யாரிடம் பேசுகிறார்?"

அந்த ஒரு வரிதான் எனக்குப் பாடம் நடத்தியது. பெரும்பாலான பேச்சு எதிர் வரிசைக்காரரின் மனதை மாற்றுவதற்காக இல்லை. தொகுதிக்காரர், செய்தியாளர், கட்சித் தலைமை ஆகியோரின் காதில் விழுவதற்காக. இது புரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது: பேச நேரம் கொடுப்பது யார்?

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் பின்வரிசை உறுப்பினரை (பதவி ஏதும் இல்லாத சாதாரண உறுப்பினரை) அழைப்பவர் சபாநாயகர். ஜெர்மனியின் நாடாளுமன்றமான புண்டெஸ்டாக்கில் நேரத்தைப் பங்கிட்டு ஆளை நிறுத்துவது கட்சிக் குழு, அதாவது ஒரே கட்சி உறுப்பினர்கள் அவையில் சேர்ந்து இயங்கும் அணி. 2011 செப்டம்பர் 29 அன்று அங்கே யூரோ மீட்பு நிதி (கடனில் தவித்த யூரோ நாடுகளுக்கு உதவும் நிதி) பற்றிய மசோதா மீது விவாதம். ஆளும் கூட்டணியிலேயே அதை எதிர்த்த கிளாஸ்-பீட்டர் வில்ஷ், ஃபிராங்க் ஷேஃப்ளர் இருவருக்கும் அவரவர் குழு நேரம் தரவில்லை. அவைத்தலைவர் நோர்பர்ட் லாமெர்ட் தாமாகவே இருவரையும் பேச அழைத்தார். மசோதா 523க்கு 85 என்று நிறைவேறியது. அவர்கள் பேசியதால் முடிவு மாறவில்லை, ஆனால் குழுத் தலைவர்களுக்குக் கோபம். அடுத்த ஆண்டு இப்படி அழைப்பதைக் கட்டுப்படுத்த விதித் திருத்தம் கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். ஓட்டை மாற்றாத பேச்சுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? கட்சி ஒரே குரலில் பேசுகிறது என்று வாக்காளரிடம் காட்டும் முகம் கலைந்துவிடுகிறதே!

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் நேரடியாக வென்றவருக்குச் சொந்தப் பெயர் முக்கியம், அதனால் துணிந்து பேசுவார். கட்சி தரும் வேட்பாளர் பட்டியல் வழியாக வந்தவர் தலைமையை நம்பியிருப்பதால் அடங்கிப்போவார் என்பது பாடம். ஆனால் வில்ஷ் நேரடியாக வென்றவர், ஷேஃப்ளரோ பட்டியலில் வந்தவர். ஆகவே "பட்டியல் உறுப்பினர் எதிர்க்க மாட்டார்" என்று எழுதாதீர்கள், "எதிர்க்கும் வாய்ப்பு குறைவு" என்று எழுதுங்கள்.

எதிர்ப்பிலும் படிகள் உண்டு: பேசாமல் இருப்பது, ஓட்டு நேரத்தில் காணாமல் போவது, எழுத்தில் விளக்கம் தருவது, எழுந்து பேசுவது, எதிர்த்து ஓட்டுப் போடுவது. ஈராக் போரை எதிர்த்து 2003 மார்ச் 17 அன்று அமைச்சர் பதவியை விட்ட பிரிட்டனின் ராபின் குக் அன்றிரவே காமன்ஸ் சபையில் காரணம் சொன்னார். கைதட்டும் வழக்கம் இல்லாத அந்தச் சபையில் கைதட்டல் எழுந்தது. மறுநாள் ஆளும் லேபர் கட்சியினரே 139 பேர் அரசுக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தார்கள். இந்தியாவில் 1985இல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணை (கட்சித் தாவல் தடைச் சட்டம்) கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடுவதையும் ஓட்டைத் தவிர்ப்பதையும் தகுதியிழப்புக்குக் காரணமாகச் சொல்கிறது. பேசுவதை அப்படிப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இந்த வேறுபாட்டை எழுதினால் திருத்துபவர் கண்ணில் படும்.

படித்த முறையையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் புத்தகமாகப் புரட்டுவதை விட்டுவிட்டு ஹன்சார்ட் எனப்படும் பிரிட்டன் நாடாளுமன்றப் பேச்சுப் பதிவில் ஒரே ஒரு விவாதத்தை எடுத்தேன். நோட்டில் ஐந்து கட்டம்: பெயர், வென்ற விதம், கட்சி, பேச்சின் முதல் வாக்கியம், கடைசியில் போட்ட ஓட்டு. முதல் வாக்கியத்தைத் தவறவிடாதீர்கள். "என் தொகுதி மக்கள் எனக்கு எழுதிய கடிதங்களில்..." என்று ஒருவர் தொடங்கினால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. எனக்கு இரண்டு நாள் மாலை நேரம் பிடித்தது. இருபது வரிசை எழுதி முடிப்பதற்குள் அடுத்த பேச்சாளர் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார் என்று முன்கூட்டியே சொல்ல வந்துவிட்டது, இரண்டு பேர் விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன். இறுதித் தேர்வில் நான் எழுதியது அந்த இரண்டு பேரைப் பற்றித்தான்.