இயற்பியலா, கணிதமும் இயற்பியலுமா?

பிளஸ் டூ முடித்தபோது என் முன்னால் இரண்டு வழிகள். ஊருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. இயற்பியல், இல்லையென்றால் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த மூன்றாண்டு ஹானர்ஸ். நுழைவுத் தேர்வு எழுதி இடமும் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சிறுசேரி பக்கம்தான்.

இரண்டும் சேர்ந்த ஹானர்ஸ் படிப்பில் கணிதம் நிரூபணத்தோடு வரும்: மெய்ப் பகுப்பாய்வு (நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிரூபிக்கும் பாடம்), இயற்கணிதம் எல்லாம். இயற்பியல் பட்டத்தில் அது துணைப்பாடம் மட்டுமே. ஃபூரியர் தொடரை, அதாவது ஒரு சார்பை சைன், கோசைன் அலைகளின் கூட்டலாக எழுதுவதை, போடத் தெரிந்தால் போதும். கணக்கு பிடித்தவனுக்கு இது பெரிய குறைதான்.

ஆனால் என்னை இழுத்தது ஆய்வகம். அக்கா படித்த கல்லூரியில் ஒருநாள் நியூட்டன் வளையங்களைக் காட்டினார்கள்; ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் வளையங்கள் அவை. இருட்டறை, சோடியம் விளக்கு, கண்ணாடித் தட்டின் மேல் ஒரு குவிலென்ஸ். நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தால் மஞ்சளும் கறுப்புமாக வட்டத்தைச் சுற்றி வட்டம், வெளியே போகப் போக நெருங்கிக்கொண்டே! நுண்ணோக்கியின் வெர்னியர் அளவுகோலில் வளையங்களின் விட்டங்களை அளந்து, வர்க்கப்படுத்தி, வரைபடத்தில் வளைய எண்ணுக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வருகிறது. சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர் என்று தெரியும் அல்லவா, அப்புறம் அந்தக் கோட்டின் சரிவிலிருந்து லென்ஸின் வளைவு ஆரமே, அதாவது அந்த வளைவு எந்தக் கோளத்தின் பகுதியோ அதன் ஆரமே, கிடைத்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாத வளைவு அது.

இயற்பியலையே எடுத்தேன். கணிதப் புத்தகத்தை அறையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம், ஆய்வகத்தை அப்படிக் கொண்டுவர முடியாது. முதுகலைக்கான ஜாம் தேர்வின் இயற்பியல் தாளில் கணித முறைகளும் உண்டு. அதற்காக இப்போது தினமும் இரவில் கணக்கு போடுகிறேன்.