குமிழியைப் பார்த்தாயே, மூக்கைப் பார்த்தாயா?

"ஏம்மா, மீன் தொட்டி மாதிரில்லா சத்தம் போடுது?" என்று கேட்டார் ஆச்சி. பேத்தியை நெஞ்சோடு அணைத்துக் கங்காரு முறையில் வைத்திருந்தார். மகளுக்குப் பிரஷர் இன்னும் இறங்கவில்லை, அதனால் இவருக்கு கவுன் மாட்டி உள்ளே விட்டிருந்தோம். 30 வாரத்தில் பிறந்த பிள்ளை, எடை 1,180 கிராம்.

சத்தம் போட்டது பபுள் சிபேப், குறைமாதப் பிள்ளைகளின் மூச்சுக்குத் துணை நிற்கும் கருவி. பெயர்தான் பெரிசு. மூக்கில் செருகிய இரண்டு குட்டிக் குழல் வழியாகச் சூடும் ஈரமும் சேர்த்த காற்று போகும். வெளியே வரும் குழாயின் நுனி ஒரு பாட்டில் தண்ணீருக்குள் 5 செ.மீ. ஆழத்தில் நிற்கும். அந்த 5 செ.மீ. தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியேற வேண்டும், அதுதான் அழுத்தம்.

"இது மூச்சு விட்டுக் குடுக்காது ஆச்சி, மூச்ச அவதான் விடுதா" என்றேன். கடைக்காரர் கேரி பேக்கை விரல் நக்கிப் பிரிப்பாரே, ஒட்டிக்கிடக்கும் இரண்டு பக்கமும் பிரிவதற்குள் பொறுமை போய்விடும். குறைமாதப் பிள்ளையின் காற்றுப்பைகளும் அப்படித்தான். ஒட்டவிடாமல் வைக்கும் சர்பாக்டன்ட் இன்னும் போதுமான அளவு ஊறியிருக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் முதலிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தால் பிள்ளை களைத்துப்போகும். இந்த அழுத்தம் பைகள் முழுக்க மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கே இது தெரியும் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிறந்ததும் "ம்ம்… ம்ம்…" என்று முனகுகிறதே, தொண்டையைப் பாதி மூடிக் காற்றை உள்ளே நிறுத்திவைக்கிற வேலை அது. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரகரியும் உடனிருந்த மருத்துவர்களும் அதே அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 20 பிள்ளைகளில் 16 பிழைத்தன. அப்போது பெரும்பாலும் தொண்டைக்குள் குழாய் விட்டுத்தான் கொடுத்தார்கள். இன்று மூக்கோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மூக்கு என்றதும் எனக்கு என் முதல் வருட நைட் டூட்டிதான் ஞாபகம் வரும். வேறொரு ஆஸ்பத்திரி. குமிழி அருமையாக வந்துகொண்டிருந்தது. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 93 சதவீதம். குழாயில் சேர்ந்த தண்ணீரை அவ்வப்போது வடித்தேன், இல்லாவிட்டால் அது பாட்டிலில் இறங்கி 5 என்று வைத்தது 6, 7 என்று ஏறிவிடும். வயிறு உப்பாமலிருக்க வாய் வழியே போட்ட குழாயையும் திறந்தே வைத்திருந்தேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்ட பெருமை எனக்கு. காலையில் சீனியர் சிஸ்டர் வந்து குழலை லேசாக விலக்கினார். இரண்டு துவாரத்துக்கும் நடுவிலுள்ள தோல் கருநீலமாகியிருந்தது. குழல் பின்னால் நகர்ந்து இரவெல்லாம் அங்கே அழுத்தியிருக்கிறது.

"குமிழியப் பாத்தியே, மூக்கப் பாத்தியா?" அவ்வளவுதான் சொன்னார். ரிப்போர்ட் எழுதியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. புண் ஆறியது. டிஸ்சார்ஜ் அன்றும் அங்கே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அந்த அம்மாவுக்கு அது கண்ணில் பட்டதா தெரியாது, நானும் சொல்லவில்லை.

அதிலிருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சார்ட்டில் இருந்தாலும் எனக்கு இரண்டு மணி நேரம்தான் கணக்கு. குழலுக்கும் நடுத்தோலுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குழலைப் பிடித்து நிறுத்தும் தொப்பியை இறக்கிக் கட்டு, குழல் அளவை மாற்று. ஜூனியர் பிள்ளைகள் என்னை "மூக்கு சிஸ்டர்" என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறாம் நாள் சிபேப்பை எடுத்துவிட்டோம். ஆச்சி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டதும் பாட்டில் இருந்த இடத்தைத்தான் பார்த்தார்.

"சத்தத்தக் காணமே?"

"இனிமே வேண்டாம் ஆச்சி. தானா விடுதா."

தலையை ஆட்டினார். பிறகு பிள்ளையின் முகத்தருகே குனிந்து, "மூக்குக்குக் கீழ என்னம்மா செவப்பு?" என்றார்.

"பிளாஸ்டர் ஒட்டின தடம் ஆச்சி" என்றேன். சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்து இன்னொரு தரம் பார்த்தேன்.