நாளைக்கு ஐந்து சொல்: படுவான்கரை நாட்குறிப்பு

மே 6

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, இந்தப் படுவான்கரை ஊரில் நான் நடத்தும் இலவச ஆங்கில வகுப்புக்கு ஒரு தகர மண்டபம்தான். பின்னேரம் நாலு மணியாகியும் மண்டபத்துத் தகரம் ஆறவில்லை. உள்ளே இருந்து படிப்பிக்க முடியாது என்று பிள்ளைகளைப் புளியமரத்தடிக்குக் கூட்டிவந்தேன். கரும்பலகையைத் தூக்கிவர ஆளில்லை, அதனால் இன்றைக்குக் கொப்பி பார்க்கிற வேலை.

தரம் 4 பையன் ஒருவனுடைய கொப்பி பார்க்கவே ஆசையாக இருந்தது. அடிமட்டம் வைத்துக் கீறிய மூன்று நிரல்: சொல், உச்சரிப்பு, கருத்து. பக்கத்துக்கு இருபது சொல், முத்து முத்தான எழுத்து. 'கைன்ட்' என்பதற்கு நேரே 'வகை' என்று இருந்தது. தடி ஒன்றை எடுத்து நிலத்தில் எழுதிக் காட்டினேன்: மை டீச்சர் இஸ் கைன்ட். "சொல்லு மனே, என்ன அர்த்தம்?" கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "என்ட டீச்சர் ஒரு வகை."

மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் மறுக்கவில்லை.

'அன்பானவர்' என்று வர வேண்டிய இடம். அம்மாவின் போனில் தட்டினால் முதலில் வருகிற கருத்து 'வகை'தானாம். ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்கிறவர்கள் இதைக் கேட்டால் "பார்த்தீர்களா" என்பார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சொல் விளங்கத் தமிழைவிடக் குறுக்கு வழி கிடையாது. ஆனால் கருத்தைத் தனிச் சொல்லுக்கு எழுதினால் இப்படித்தான் வரும், வசனத்துக்கு எழுத வேண்டும். இனி நிரல் கீற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சொல், அது வருகிற ஒரு வசனம், அந்த வசனத்துக்குத் தமிழ். அடிமட்டக்காரனுக்குத்தான் முகம் வாடிவிட்டது.

மே 8

தரம் 5 பிள்ளை ஒன்றின் தாய் வகுப்பு முடியும் வரை வேலியோரம் நின்றார். புலமைப்பரிசில் வருடம் என்றால் தாய்மாருக்கும் சேர்த்துத்தான் பரீட்சை.

"டீச்சர், அந்தப் பக்கம் இருக்கிற வகுப்புல ஒரு நாளைக்கு இருபது சொல்லு குடுக்காங்க. நீங்க அஞ்சுதானாமே?"

"ஓம் அக்கா, அஞ்சுதான்."

"காசு வாங்காததாலயா?"

கோபம் வரவில்லை, நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்துச் சொன்னேன். நாளைக்கு இருபது என்றால் மாதம் அறுநூறு, மூன்றரை மாதத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டும். மைக்கல் வெஸ்ட் என்று ஒருவர் இருந்தார். வங்காளத்தில், டாக்காவில், கல்வி அதிகாரியாக இருந்தவர். 1953இல் ஆங்கிலம் படிப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முதலில் தேவைப்படும் சொற்களைப் பட்டியலாக்கினார். மொத்தமே ஏறக்குறைய 2,000தான். சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றை எடுத்தால் பத்துச் சொல்லில் எட்டாவது அந்த அளவுக்குள் வந்துவிடும். 1978இல் லோங்மன் அகராதிக்காரர்கள் தங்கள் அகராதி முழுவதற்கும் விளக்கம் எழுத வைத்துக்கொண்ட சொற்களும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த வகுப்புப் பிள்ளைகள் ஆவணி மாதத்தில் ஆங்கிலப் பேப்பர் வாசிக்க வேண்டுமே, வாசிக்கிறார்களா என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். மறுபடி வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

மே 13

போன வாரத்துச் சொற்களைத் திடீரென்று கேட்டேன். 'ஃபென்ஸ்' மட்டும் எல்லோருக்கும் வந்தது. 'ஹெவி' அரைவாசிப் பேருக்கு. மற்றவை போன இடம் தெரியவில்லை.

இதற்காகப் பிள்ளைகளைப் பேசி என்ன பயன்? ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன்காரர் தன்னையே வைத்துச் சோதனை செய்து 1885இல் எழுதிவிட்டார்: பாடமாக்கியதில் பெரும் பங்கு முதல் நாளிலேயே கழன்றுவிடுகிறது, அதற்குப் பிறகு கழல்வது மெதுவாகத்தான். அவர் பாடமாக்கியவை அர்த்தமே இல்லாத அசைகள். அர்த்தம் உள்ள சொல் அவ்வளவு வேகமாக அழியாது என்பது ஓர் ஆறுதல். ஆனாலும், மறக்கப்போகிற நேரம் பார்த்துத் திரும்பக் கேட்டால்தான் நிற்கும். ஒரே நாளில் ஐம்பது தரம் எழுதிப் பார்ப்பது, நடவன்று வயலை முட்ட நிரப்பிவிட்டு அறுவடை வரை தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருப்பது மாதிரி.

எழுபதுகளில் செபஸ்தியான் லைட்னர் என்பவர் எழுதிய பெட்டி முறையைத்தான் பிடித்துக்கொண்டேன். மூன்று சப்பாத்துப் பெட்டி, கடைக்காரரிடம் கேட்டு வாங்கியது. சொல்லை அட்டையில் எழுதி முதல் பெட்டியில் போடுவது. முதல் பெட்டியை ஒவ்வொரு வகுப்பிலும் கேட்பேன். சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் பெட்டிக்குப் போகும், அதைக் கேட்பது ஒரு வகுப்பு விட்டு ஒரு வகுப்பு. மூன்றாவது, கிழமைக்கு ஒருமுறை. எந்தப் பெட்டியில் பிழைத்தாலும் அட்டை முதலாவதுக்கே திரும்பிவிடும். அட்டை கீழே இறங்கும்போது பிள்ளைகள் செத்தவீடு மாதிரி சத்தம் போடுகிறார்கள். அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த தரம் சரியாகச் சொல்லுகிறார்கள் என்று ஒரு சந்தேகம்.

மே 17

அட்டை வாங்க மட்டக்களப்பு ரவுனுக்குப் போனேன். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு பயணம் இலகு, அதற்கு முதல் இந்த இடத்தில் ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைதான், அது வரும் வரை வெயிலில் நிற்க வேண்டும்.

மட்டக்களப்பில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் பள்ளிக்கூடம் தொடங்கியது 1814இல். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த ஆண்டைத்தான் தன் தொடக்கமாகச் சொல்லுகிறது. இருநூறு வருடத்துக்கு மேலாக ஆங்கிலம் படிப்பிக்கிற பட்டினம். எங்கள் பக்கத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு வாவி மட்டும்தான். ஆனாலும் இங்கே தரம் 5 பிள்ளை 'மை நேம் இஸ்' வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. அரசாங்கப் பாடத்திட்டம் இரண்டு கரைக்கும் ஒன்றுதான். தரம் 1, 2இல் பேச்சு ஆங்கிலம், தரம் 3இலிருந்து புத்தகம். ஆசிரியர் இரண்டு கரைக்கும் ஒன்றாக வருவதில்லை, அவ்வளவுதான்.

அட்டை விலை கூடிவிட்டது. பழைய கலண்டரின் பின்பக்கமே போதும் என்று பாதி வழியில் புத்தி வந்திருந்தால் பஸ் காசு மிச்சம்.

மே 21

இன்றைக்கு 'லெஃப்ட்' மட்டும். 'றைட்' இல்லை.

தரம் 3 பிள்ளைகளுக்கு இது பொறுக்கவில்லை. "டீச்சர், மற்றது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்த வகுப்பிலும் எதிர்ச்சொல் என்றால் சோடியாகத்தான் கொடுப்பார்கள்: ஹொட்-கோல்ட், லெஃப்ட்-றைட், ஓப்பின்-க்ளோஸ். நிறங்கள் எல்லாம் ஒரே நாள், பழங்கள் எல்லாம் ஒரே நாள். ஆசிரியருக்கு அது வசதி, சுவரில் படம் தொங்கவிடலாம். பிள்ளைக்குத்தான் வில்லங்கம். ஒத்த சொற்களை ஒன்றாகக் கொடுத்தால் ஒன்றோடொன்று குழம்பிப் படிக்க அதிக நேரம் எடுக்கிறது என்று தோமஸ் டிங்கம் 1993இல் சோதித்துக் காட்டினார். 1997இல் றொப் வாறிங் ஜப்பானியர்களை வைத்துச் செய்து பார்த்தபோதும் அதே முடிவு. இந்த வகுப்பில் பெரிய பிள்ளைகளே 'லெஃப்ட்' என்றால் ஒரு கணம் இரண்டு கையையும் பார்க்கிறார்கள். அது மண்டைக் குறைபாடு இல்லை, இரண்டையும் ஒரே நாளில் படித்ததன் விளைவு.

அதனால் லெஃப்ட். லெஃப்ட் கையைத் தூக்கு, லெஃப்ட் காதைப் பிடி, உன் லெஃப்டில் இருப்பது யார், புளியமரத்தின் லெஃப்டில் என்ன இருக்கிறது. மரத்துக்கு எது லெஃப்ட் என்று இருவர் சண்டை பிடித்தார்கள். நான் தலையிடவில்லை, சண்டையில் அந்தச் சொல் எத்தனையோ தரம் வந்துபோனது. 'றைட்' அடுத்த மாதம் வரட்டும்.

மே 27

அம்மன் கதவு திறந்தாகிவிட்டது. குளிர்த்திச் சடங்கு முடியும் வரை வகுப்பு இல்லை. பிள்ளைகள் எல்லாம் கோயிலில், நானும்தான்.

ஜூன் 4

சடங்கு முடிந்து முதல் வகுப்பு. பாதிப் பேருக்கு நித்திரை முறிந்த கண். பெட்டிகளைத் திறந்தோம். மூன்றாம் பெட்டியில் இருந்தவை அப்படியே நின்றன. இரண்டாவதில் கொஞ்சம் சேதம். முதல் பெட்டி முழுக்கப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

புதிய சொல் 'பொறோ'. கருத்து எழுதவில்லை. எல்லா அழிறப்பரையும் வாங்கி நான்கு பேரிடம் மட்டும் கொடுத்தேன். மற்றவர்களுக்கு வேண்டுமென்றால் 'கென் ஐ பொறோ யுவர் இறேசர்?' என்று கேட்டால்தான் கிடைக்கும். பிறகு எல்லோரையும் பென்சிலால் மாடு கீறச் சொன்னேன். மாட்டின் கால் யாருக்கும் ஒரே தடவையில் சரிவராது. ஐந்து நிமிடத்தில் மரத்தடி முழுக்க 'பொறோ, பொறோ'. ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி அழிறப்பரைக் கையில் வைத்துக்கொண்டு 'ப்ளீஸ்' சொல்லாதவர்களுக்குக் கொடுக்க மறுத்துவிட்டாள். அந்தச் சட்டம் நான் போட்டதல்ல.

இரவல் வாங்குவதற்கு 'பொறோ' என்றால், இரவல் கொடுப்பதற்கு 'லென்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இப்போதைக்கு மூச்சுவிடப் போவதில்லை.

ஜூன் 10

இரவு யானை வந்திருக்கிறது. சிறுபோக வயலுக்கு இறங்குகிற வழியில் இரண்டு வளவைத் துவைத்துப் போயிருக்கிறது. வெடிச் சத்தம் எனக்கும் கேட்டது. அடிமட்டக்காரன் வீட்டு வேலியும் போய்விட்டது, மூன்று தென்னம்பிள்ளையும் போய்விட்டன.

வகுப்பில் அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது, தமிழில். முழுவதையும் சொல்லி முடிக்கவிட்டேன். பிறகு, பெட்டியில் இருக்கிற சொற்களை வைத்து எவ்வளவு சொல்லலாம் பார் என்றேன். அட்டைகளைக் கிளறினான். 'ஃபென்ஸ்' இருந்தது, 'ஹெவி' இருந்தது, 'லெஃப்ட்' இருந்தது. 'புறேக்' இல்லை. "உடைச்சிட்டு எண்டதுக்கு என்ன டீச்சர்?" என்று அவனே கேட்டான். 'புறோக்' என்று கொடுத்தேன். இறந்தகாலம் அதன் பெயர் என்றெல்லாம் விளக்கவில்லை.

நிலத்தில் எழுதினான்: எலிபன்ட் புறோக் மை ஃபென்ஸ். எலிபன்ட் இஸ் ஹெவி. இட் கேம் லெஃப்ட்.

'ஃபுறொம் த லெஃப்ட்' என்று வர வேண்டும். 'அன்' என்றோ 'த' என்றோ ஒன்றும் முன்னால் இல்லை. விட்டுவிட்டேன். 'அப்பிள்', 'கிறேப்ஸ்' என்று யாரோ தீர்மானித்த சொற்களோடு ஆங்கிலத்தைத் தொடங்குகிறோம். இந்தப் பிள்ளைகள் நாள்தோறும் பேசுவது வேலி, வயல், வலை, வெடி, வெள்ளம். ஊரில் புழங்குகிற சொல் எல்லாமே வெஸ்டின் பட்டியலில் இருக்காது. இருக்காவிட்டால் என்ன, பட்டியலில் பாதி, ஊரில் பாதி என்று கொடுத்துவிடலாம். 'புறோக்' அட்டை நேரே இரண்டாம் பெட்டிக்குப் போக வேண்டும் என்று பையன் வாதாடினான். சட்டம் சட்டம்தான், முதல் பெட்டி.

யானை பயத்தில் ஐந்தரைக்கே வகுப்பை விட்டுவிட்டேன்.

ஜூன் 12

தரம் 5 பிள்ளையின் தாய் வந்தார். இருபது சொல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தான் இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது மகள் 'மே ஐ பொறோ' என்று தன்னிடம் உரலைக் கேட்டாளாம், அது என்ன என்று விசாரிக்க வந்திருக்கிறார். விளக்கினேன். அதன் பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த அட்டைய வீட்டுக்குத் தருவீங்களா? எனக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியா. நான் எப்பிடிக் கேக்கிற?"

இதற்கு வழி இருக்கிறது. அட்டையின் ஒரு பக்கத்தில் தமிழ் வசனம், மறுபக்கத்தில் ஆங்கிலம், அதன் கீழே சின்னதாகத் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. தாய் தமிழை வாசிக்க, பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல, தாய் திருப்பிப் பார்த்துச் சரியா பிழையா என்று தீர்க்கலாம். தமிழ் எழுத்தில் எழுதினால் உச்சரிப்புக் கெட்டுவிடும் என்று ஆங்கில ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். 'ஃபென்ஸ்' நிச்சயம் 'பென்ஸ்' ஆகும், தெரியும். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லவைத்து அதைத் திருத்திக்கொள்ளலாம். குசினியில் தினமும் கேட்க ஓர் ஆள் கிடைத்திருக்கும்போது அதை ஒரு 'ஃப'வுக்காக விட நான் தயாரில்லை.

பதினைந்து அட்டை எழுதிக் கொடுத்தேன். கை நிறையப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு போட்டா இருபது வருமே டீச்சர்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.