ராயபுரம் கடல்காற்றில் ஒரு மரச் செஸ் செட்: ஆடி முதல் கார்த்திகை வரை

ஆடி: அளவும் வாங்குவதும்

வீட்டில் உட்கார்ந்து பெரிய ஆட்டங்களை ஒவ்வொரு நகர்வாக வைத்துப் பார்க்க மரச் செட் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையில் மரத்தின் பெயரைக் கேட்கும் முன் ராஜாவின் அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். உயரத்தை எல்லாக் கடையிலும் சொல்வார்கள். அடி விட்டத்தை நாம்தான் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியிருக்கும்.

போட்டிகளுக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே சொல்லும் உயரம் இது: ராஜா 9.5 செ.மீ., ராணி 8.5, பிஷப் 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. அடி விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். கட்டம் 5 முதல் 6 செ.மீ. இந்த அளவு மேஜை போட்டு, நாற்காலியில் எதிரெதிராக உட்கார்ந்து ஆடுபவர்களுக்குச் சரி. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கத்து பத்துக்குப் பத்து அறையில் பாய் விரித்து, போர்டை மணை மேல் வைத்து, பக்கத்தில் புத்தகமும் நோட்டும் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு அது கொஞ்சம் பெரிது. தரையில் உட்கார்ந்தால் பார்வை மேலிருந்து விழுகிறது. அப்போது உயரமான காயால் லாபம் எதுவும் இல்லை. ராஜா 76 முதல் 83 மி.மீ., கட்டம் 45 முதல் 50 மி.மீ. இருந்தால் கை போய் வர இடம் இருக்கும். 50 மி.மீ. கட்டம் என்றால் ஆடும் பரப்பு 40 செ.மீ., ஓரச் சட்டம் சேர்த்து 44. படித்து முடித்ததும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்துவிடலாம்.

காயும் கட்டமும் பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். ராஜாவின் அடி விட்டம் கட்டத்தின் பக்கத்தில் முக்கால் பங்கு இருக்க வேண்டும், அதாவது 50 மி.மீ. கட்டத்துக்குச் சுமார் 37 மி.மீ. அடுத்து, ஒரே கட்டத்துக்குள் நாலு சிப்பாய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், நடு ஆட்டத்தில் சிப்பாய்கள் நெருங்கும்போது பக்கத்துக் காயைத் தட்டாமல் எதையும் எடுக்க முடியாது.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு, பலரும் செய்வதில்லை. காய்களைத் தரையில் பரப்பி, நேர் மேலே நின்று பாருங்கள். சிப்பாயும் பிஷப்பும் ஒன்றுபோலத் தெரிந்தால் அந்தச் செட் படிப்புக்கு ஆகாது. பிஷப் தலையில் சாய்வு வெட்டு ஆழமாக இருக்க வேண்டும். ராணியின் கிரீடத்தில் பற்கள் எண்ணும்படி இருக்க வேண்டும். 1849 மார்ச் 1 அன்று லண்டனில் நதேனியல் குக் பதிவு செய்த ஸ்டான்டன் வடிவம், அதாவது இன்று போட்டிகளில் பார்க்கும் காய்களின் வடிவம், நிலைத்ததற்குக் காரணமே இந்தத் தெளிவுதான். கைவினைக் கடைகளில் கிடைக்கும் யானை மேல் அம்பாரி வைத்த செட்டுகள் கண்ணுக்கு அழகு. ஆனால் அவற்றில் நாற்பது நகர்வு போவதற்குள் தலை வலிக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை, இருண்ட காயும் இருண்ட கட்டமும் ஒரே மரமாக இருக்கக் கூடாது. ஷீஷம் என்ற பழுப்பு மரத்தில் செய்த காய் ஷீஷம் கட்டத்தில் நின்றால் டியூப் லைட்டில் அடிப்பாகமே கரைந்துவிடுகிறது. ஷீஷம் போர்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கறுப்புச் சாயம் ஏற்றிய காயோ, செம்பழுப்புப் படாக் மரக் காயோ எடுங்கள். வெளிர் நிறக் காய்களை நம் நாட்டில் பாக்ஸ்வுட் என்று சொல்லி விற்கிறார்கள். அவற்றில் பல நம் மஞ்சக்கடம்புதான். அதனால் குறை ஒன்றுமில்லை, நெருக்கமான இழை, கடைசலில் (லேத்தில் சுழற்றிச் செதுக்கும்போது) அழகாக வரும். பளபளக்கும் லாக்கர் பூச்சு மட்டும் வேண்டாம். விளக்கு அதில் மின்னி மின்னிக் கண்ணை அறுக்கும்.

பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய விளையாட்டுச் சாமான் கடைகளில் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள், அவசரப்படாமல் பாருங்கள். எட்டு சிப்பாயையும் வரிசையாக நிறுத்தி, தலைகள் மேல் ஸ்டீல் ஸ்கேல் வைத்தால் உயர வித்தியாசம் தெரிந்துவிடும். ஒவ்வொரு காயையும் காதருகே ஆட்டுங்கள். உள்ளே டக் டக் என்றால் எடைக்கு வைத்த இரும்பு கழன்றிருக்கிறது. ஈரத்துணியால் கறுப்புக் காயைத் தேயுங்கள். துணியில் கறை ஏறினால் அதே கறை நாளை வெள்ளைக் கட்டத்திலும் ஏறும்.

குதிரைக்கு மட்டும் தனியாகப் பத்து நிமிடம் கொடுங்கள். செட்டின் மற்றக் காய்கள் கடைசலில் வருகின்றன, குதிரையின் தலை கையால் செதுக்கியது. அமிர்தசரஸ் தச்சர்களின் திறமை முழுக்க அங்கேதான் தெரியும். காது மெல்லியதாக நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் உடைவது அதுதான். கழுத்தும் அடியும் சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நாலு குதிரையும் ஒரே முகமாக இருக்காது, அது குறையல்ல.

ஆவணி: எடை

எடை இல்லாத காய் மின்விசிறி காற்றுக்கே தடுமாறும். நாமே எடை வைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும்.

அடியில் இருக்கும் துணியை மெல்லிய பிளேடால் உரித்து, பழைய பசையைச் சுரண்டிவிடுங்கள். சிப்பாய்க்கு எம்8 நட்டு (8 மி.மீ. போல்ட்டுக்கான இரும்பு நட்டு) ஒன்று, சுமார் 5 கிராம். யானை, குதிரை, பிஷப்புக்கு எம்10, சுமார் 11 கிராம். ராஜா, ராணிக்கு எம்12, சுமார் 16 கிராம். நட்டின் மூலைக்கு மூலை அளந்து, அதைவிட 1 மி.மீ. பெரிய துளை போடுங்கள், சிப்பாய்க்கு 16 மி.மீ. வரும். சுற்றுச்சுவர் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. காய் மேலே போகப் போகக் குறுகும் என்பதை மறந்து ஆழமாகத் துளைத்தால் டிரில் பிட் பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்க்கும். நட்டின் தடிமனுக்கு மேல் 1.5 மி.மீ. ஆழம் போதும். காயைக் கையில் பிடித்துத் துளைக்காதீர்கள். பிட் மாட்டிக்கொண்டால் காய் சுழன்று கழுத்து ஒடியும், கையும் கிழியும். ஒரு கட்டையில் அடி விட்டத்துக்குத் துளை போட்டு, துணி சுற்றி, காயைத் தலைகீழாக இறுக்கி வைத்துச் செய்யுங்கள்.

நட்டு இறுக்கமாக உட்காரக் கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம். மரம் காய்ந்தால் சுருங்கும், இரும்பு சுருங்காது. சுருங்கும் மரம் அசையாத இரும்பை நெருக்கினால் அடிப்பாகம் செங்குத்தாகப் பிளக்கும். பழைய செட்டுகளில் ராஜாவின் அடியில் தெரியும் வெடிப்புக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த அரை மில்லிமீட்டர் இடைவெளியை, காய்ந்த பிறகும் நெகிழும் பசையால் நிரப்புங்கள். சிலிக்கான் சீலன்ட் பயன்படுத்தினால் நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை காயும்போது அமிலம் விடும், நட்டு துருப்பிடிக்கும். நம் பக்கத்துக் கடல்காற்றுக்குத் துரு சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் ஈயக்குண்டு கிடைக்கும். ஈயம் இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம் என்பதால் சின்னத் துளையே போதும். ஆனாலும் குழந்தைகள் காயை வாயில் வைக்கும் வீட்டில் ஈயம் வேண்டவே வேண்டாம். மற்ற வீடுகளிலும் அராவவோ உருக்கவோ கூடாது.

புரட்டாசி: அடிப்பூச்சும் துணியும்

மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. காய்களை மரத்தின் இழை நெடுக்காக நிற்கும்படி கடைகிறார்கள். அதனால் அடிப்பாகத்தில் இழைகளின் வெட்டுவாய் திறந்திருக்கும், ஈரம் அதிகம் ஏறுவது அந்த வழியாகத்தான். அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து, அடிப்பாகத்திலும் துளையின் உள்சுவரிலும் இரண்டு கை பூசுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது.

துணி 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் இருந்தால் போதும். தடித்த துணி ஈரத்தைத் தேக்கும், காயும் மெத்தை மேல் நிற்பதுபோல ஆடும். அடி விட்டத்தைவிட 4 மி.மீ. பெரிதாக வெட்டி, பசையை மரத்தில் மட்டும் மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள். துணியில் தடவினால் பசை ஊறி வெளியே வந்து கட்டியாகும். ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் புது பிளேடால் ஓரத்தைச் சுற்றி வெட்டுங்கள்.

ஐப்பசி: மழை

மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு இருண்ட காய்களில் வெள்ளையாகச் சாம்பல் பூத்ததுபோல் படரும். அது பூஞ்சை. உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக்கு எட்டத்தில் வைத்தால் போய்விடும். வெயில் வந்ததும் மொட்டைமாடியில் காயப் போடத் தோன்றும், செய்யாதீர்கள். ஒரு பக்கம் சட்டென்று காய்ந்து குதிரையின் கழுத்தில் விரிசல் விழும். பெட்டிக்குள் 100 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில் கட்டி வையுங்கள். நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள், எதுவானாலும் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம். பெட்டியைத் தரையில் வைக்காமல் அலமாரித் தட்டில் வையுங்கள்.

பெட்டியின் அடியில் மாவுபோலத் தூள் கிடந்தால் அது வேறு விஷயம், காய் உளுத்துப் போகிறது. குண்டூசித் துளை உள்ள காயைத் தேடி எடுத்து உடனே பிரித்துவையுங்கள்.

போர்டின் மேல்பக்கம் மட்டும் மரத்தகடு ஒட்டியிருந்தால் இந்த மாதத்தில் கிண்ணம்போல் வளையும். இரண்டு பக்கமும் ஒட்டியது வளைவது குறைவு. மூலைக்கு மூலை ஸ்கேல் வைத்து, நடுவில் எத்தனை தாள் நுழைகிறது என்று எழுதி வைத்தால் மாதாமாதம் ஒப்பிடலாம். டீ டம்ளர் போர்டு அருகே வரவே கூடாது. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஒருமுறை ஊறி உப்பினால் பழைய நிலைக்கு வராது.

கார்த்திகை: ஆட்டம் வைத்துப் பார்ப்பது

இத்தனை வேலையும் இதற்காகத்தான். கிளைநகர்வுகளை (ஆட்டத்தில் ஆடாத, ஆடியிருக்கக்கூடிய நகர்வுகளை) ஆராய்ந்துவிட்டு மெயின் ஆட்டத்துக்குத் திரும்பும்போது ஒரு சிப்பாய் தவறான கட்டத்தில் நின்றுவிடுவது எல்லாருக்கும் நடக்கிறது. வெட்டிய காய்களைக் குவியலாகப் போடாமல், வெட்டிய வரிசையிலேயே போர்டின் வலது ஓரத்தில் நிறுத்துங்கள். பின்னால் நகர்த்தும்போது வரிசையின் கடைசிக் காய்தான் முதலில் போர்டுக்குத் திரும்பும். வரிசை பொருந்தவில்லை என்றால் தவறு எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும். நீளமான கிளைகளுக்குச் சின்ன பிளாஸ்டிக் செட் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கைக்கு நல்ல பயிற்சி தரும் ஆட்டம் 1924 நியூயார்க்கில் கபாபிளாங்கா, டார்டகோவருக்கு எதிராக ஆடியது. 35ஆவது நகர்வில் வெள்ளை ராஜா ஜி3 (ஜி நெடுவரிசையில் மூன்றாவது கட்டம்) போகிறார், கறுப்பு யானை சி3 சிப்பாயைச் செக்கோடு வெட்டுகிறது. ராஜா எச்4 வருகிறார், பிறகு எஃப்4 சிப்பாயும் செக்கோடு வெட்டுப்படுகிறது. ராஜா ஜி5, எஃப்6 என்று நடந்துகொண்டே இருக்கிறார். திரையில் பார்த்தால் இரண்டு சிப்பாய் நஷ்டம்தான் கண்ணில் படும். கனமான ராஜாவை நாமே தூக்கி ஒவ்வொரு கட்டமாக வைக்கும்போது, அவர் ஜி6 சிப்பாய்க்குத் துணையாகப் போகிறார் என்பது விரலுக்கே புரிகிறது.

அடுத்து வைத்திருப்பது 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், நம்ம ஊர் குகேஷ் உலகப் பட்டம் வென்ற 14ஆவது ஆட்டம். எதிராளி டிங் லிரென் தன் வெள்ளை யானையை எஃப்2க்குக் கொண்டுவரும் 55ஆவது நகர்வுக்கு முன் நிறுத்தி, வெள்ளை பிஷப் ஏ8 மூலையில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். யானைகள் வெட்டுப்பட்டதும் கறுப்பு பிஷப் டி5இல் வந்து உட்காரும். அதே மூலைக்கோட்டில் மாட்டிய வெள்ளை பிஷப்புக்கு ஓட வழியில்லை, வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதை மேலிருந்து மட்டும் பார்க்காமல், கண்ணைப் போர்டின் மட்டத்துக்குத் தாழ்த்தி ஏ8 மூலையிலிருந்து எச்1 பக்கம் பாருங்கள். கோடு முழுக்க ஒரே பார்வையில் தெரியும்.

போர்டின் நடுப்பள்ளம் ஐப்பசிக் கடைசியில் மூன்று தாள். தையில் காற்று காய்ந்ததும் திரும்ப அளக்க வேண்டும்.