ஓஜிடி-யை முழுசாகச் சொல்ல ஒரு குறுக்குவழி

வயிற்று எரிச்சல் என்று போனால் டாக்டர் சீட்டில் ஓஜிடி என்று எழுதித் தருவார், வரவேற்பில் இருப்பவர் அதை எண்டோஸ்கோப்பி என்பார், நாமும் அப்படியே சொல்லிவிட்டு வருவோம். முழுப்பெயர் ஈசாஃபகோகாஸ்ட்ரோடியூஓடினாஸ்கோபி. டாக்டர்களின் ஒலிப்பதிவைக் கேட்டு டைப் செய்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் இது அடிக்கடி காதில் விழும்.

பலரும் இதை அர்த்தத்தை வைத்து உடைக்கிறார்கள்: ஈசாஃபகோ (உணவுக்குழாய்), காஸ்ட்ரோ (இரைப்பை), டியூஓடினோ (முன்சிறுகுடல்), ஸ்கோபி (பார்ப்பது). ஸ்பெல்லிங்குக்கு இது அருமையான வழி. ஆனால் வாய் அப்படி உடைக்காது. ஸ்கோபியின் 'ஸ்' முந்தின அசையோடு ஒட்டிக்கொண்டு 'நாஸ்' ஆகிவிடும், அழுத்தமும் அங்கேதான் விழும்: ஈ-சா-ஃப-கோ-காஸ்-ட்ரோ-டியூ-ஓ-டி-நாஸ்-க-பி. மொத்தம் 12 அசை. (டியோடினத்துக்கு, அதாவது முன்சிறுகுடலுக்கு, அந்தப் பெயர் வந்ததே அது 12 விரல் அகல நீளம் என்று பழைய ஆட்கள் கணக்கிட்டதால்தான். 12-க்கு 12, தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.)

மைக்ரோஸ்கோப் என்று சொல்லும்போது அழுத்தம் 'மை'யில். அதையே மைக்ராஸ்கோபி ஆக்கினால் 'க்ராஸ்'ஸுக்கு ஓடிவிடும். கொலோனாஸ்கோபி, லேப்ராஸ்கோபி எல்லாம் இதே கதைதான், கடைசியிலிருந்து மூன்றாவது அசை. அதனால் நீளமான பெயரை வாலிலிருந்து பழகுவது நல்லது: முதலில் 'நாஸ்கபி', அப்புறம் 'டிநாஸ்கபி', பிறகு 'ஓடிநாஸ்கபி' என்று முன்னால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். தலையிலிருந்து ஆரம்பித்தால் பாதி வழியில் மூச்சு வாங்கும், அழுத்தமும் கண்ட இடத்தில் விழும்.

இன்னொரு தொல்லை, அந்த 'க'. ஈசாஃபகஸில் அது 'க', ஆனால் ஸ்பெல்லிங்கில் பின்னால் ஆங்கில e அல்லது i வந்தால் 'ஜ' ஆகிவிடும்: ஈசாஃபஜீயல் (உணவுக்குழாய் சார்ந்த). லாரிங்காலஜி (குரல்வளை மருத்துவம்), லாரிஞ்ஜைட்டிஸ் (குரல்வளை அழற்சி) இரண்டிலும் இதே வித்தியாசம்தான். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் முன்னால் ஒரு 'ஓ' இருப்பதால்தான் நம்மூரில் ஓஜிடி, அமெரிக்காவில் அது இல்லாததால் ஈஜிடி. சொல்லும்போது அந்த ஓ எங்கேயும் கேட்காது.

சரி, இது வாயில் உட்கார்ந்துவிட்டால் அடுத்து ஈஆர்சிபி-யின் (பித்தநாளத்தையும் கணைய நாளத்தையும் பார்க்கிற எண்டோஸ்கோப்பி) முழுப்பெயரில் கடைசி வார்த்தையைப் பிடியுங்கள்: கோ-லான்-ஜி-ஓ-பான்-க்ரி-அ-டாக்-ர-ஃபி. 'டாக்ரஃபி'யில் தொடங்குங்கள்.